ஐம்பதாயிரம் ரூபாய் எஸ்டிமேட்: எதை அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் வசிக்கிறேன். 2016-ல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார், 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சென்ற மாதம் மைசூர் போய்விட்டுத் திம்பம் வழியாக இறங்கியபோது, பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கியது; கருகிய வாடையும் வந்தது. வேகத்தடை ஏறி இறங்கினால் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம். ஏ.சி.யிலும் குளிர்ச்சி குறைவு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் கொடுத்தார்கள்: முன் பிரேக் பேட் 2,900, டிஸ்க் இரண்டு 5,800, பின் பிரேக் ஷூ 1,900, முன் ஷாக் அப்சார்பர் இரண்டு 9,400, லோயர் ஆர்ம் இரண்டு 4,600, ஏ.சி. கேஸ், ஃபில்டர் 3,100, எஞ்சின் ஃபிளஷ், த்ராட்டில் பாடி சுத்தம், அடிப்பாகக் கோட்டிங் ஆகியவற்றுக்கு 6,500, பிரேக் ஆயில் 900, கூலி 7,200. கூட்டினால் 42,300, அதன்மேல் 18 சதவீத வரி 7,614, ஆக ரூ. 49,914. எங்கள் ஊர் மெக்கானிக், டிஸ்கை லேத்தில் கடைந்து, பேடை மாற்றி, சத்தம் வரும் பக்கம் மட்டும் ஷாக் அப்சார்பர் போட்டால் ரூ. 18,500-ல் முடியும் என்கிறார். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்து, பம்ப்செட் மோட்டாரைத் தானே கழற்றி மாட்டும் என் மைத்துனரோ, “எதுக்குங்க மாமா அம்பதாயிரம்? ஞாயித்துக்கெழம ரண்டு பேரும் உக்காந்தா முடிஞ்சு போச்சுங்க” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

ஐம்பதாயிரத்தையும் பதினெட்டாயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருவர் கொள்ளையடிக்கிறார், மற்றவர் நேர்மையானவர் என்றுதான் தோன்றும். ஆனால் அவை ஒரே வேலைக்குச் சொல்லப்பட்ட இரண்டு விலைகள் அல்ல. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலிக்கு ஒரு விலை, கிழங்குக்கு ஒரு விலை. எது எந்தச் சரக்கின் விலை என்று கேட்காமல் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசும் விவசாயியை நான் பார்த்ததில்லை. கார் விஷயத்தில் மட்டும் நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். எனவே மொத்தத் தொகையைச் சற்று மறந்துவிட்டு, எஸ்டிமேட்டின் ஒவ்வொரு வரியிலும் எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் ரூபாய் இருக்கிறது, பாகத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் ஓர் இடத்தில்கூட மில்லிமீட்டர் இல்லை. என் முதல் குறை அதுதான்.

முன் பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வண்டியில் அவசரமானது அது ஒன்றுதான். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேட். பேட் புதிதாக இருக்கும்போது அதன் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. தடிமன் இருக்கும், அது 3 மி.மீ.க்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். டிஸ்குக்கு இன்னும் தெளிவான சான்று இருக்கிறது: அது எந்தத் தடிமன் வரை பயன்படலாம் என்ற குறைந்தபட்ச அளவு, டிஸ்கின் நடுத்தொப்பியிலோ விளிம்பிலோ பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரை வைத்து அளந்தால், வரும் எண் பொறித்த எண்ணுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் மைக்ரோமீட்டர் இல்லாத லேத் பட்டறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட கோவை மாவட்டத்தின் பக்கத்திலேயே இருந்துகொண்டு, டிஸ்கைக் கண்ணால் பார்த்து “போயிருச்சுங்க” என்று தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் காரணம் பெரும்பாலும் டிஸ்கில்தான் இருக்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறைகளில் பொதுவாகச் சொல்வோம். உண்மையில் அடிக்கடி நடப்பது வேறு: கடும் சூட்டில் பேடின் பொருள் டிஸ்கின் மேல் சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்கிறது, பிறகு அந்த இடங்களில் தேய்மானமும் மாறுபட்டு, டிஸ்கின் தடிமன் இடத்துக்கு இடம் வேறாகிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வேறுபாடே கைக்கு நடுக்கமாகத் தெரியப் போதுமானது. பண்ணாரி வரை 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில், நான்காவது கியரில், காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் இதுதான் நடக்கும். நீங்கள் எந்தக் கியரில் இறங்கினீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை; ஆனால் கருகிய வாடை அதைச் சொல்லிவிடுகிறது. எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலைப்பாதை லாரி ஓட்டுநர்களின் பழைய பாடம். அதைக் கடைப்பிடிக்காவிட்டால், 5,800 ரூபாய்க்குப் போடும் புது டிஸ்கும் அடுத்த கோடை விடுமுறையில் இதே போல நடுங்கும்.

பிரேக் ஆயிலுக்கான 900 ரூபாயை யோசிக்காமல் கொடுங்கள். எஸ்டிமேட்டில் நான் கேள்வியே கேட்காமல் கையெழுத்திடும் வரி அது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட் 4-க்கு இந்த எண்கள் 230, 155. இறக்கத்தில் பிரேக் சூடாகி, ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால், பெடல் பஞ்சு போலக் கீழே போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய இந்த ஆயிலை, பத்தாண்டு ஓடிய கார்களில் ஒரு முறைகூட மாற்றாமல் கொண்டுவருபவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

இப்போது உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் வருகிறேன். அவருடைய தொகை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், அவர் தேவையற்றதைச் சேர்க்கவில்லை என்பது. அதற்காக அவரைப் பாராட்டலாம். மற்றொரு காரணம், தேவையானதில் இரண்டைக் குறைத்திருக்கிறார். டிஸ்கைக் கடைவது தவறான வேலை அல்ல, ஆனால் கடைந்த பிறகும் தடிமன் பொறித்த அளவுக்கு மேலே இருக்க வேண்டும். 84,000 கி.மீ. ஓடிய டிஸ்கில் கடைவதற்கு மிச்சம் இருக்கிறதா என்பது அளந்தால்தான் தெரியும். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. சமவெளியில் ஓட்டும்வரை நன்றாக இருந்துவிட்டு, மலையில் மீண்டும் நடுங்கும், மோசமானால் விரிசல் விடும். அடுத்தது, ஷாக் அப்சார்பரை ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பத்தாண்டுப் பழையதும் இருந்தால், திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வண்டியின் இரண்டு பக்கமும் ஒன்று போல நடந்துகொள்ளாது.

ஆனால் ஷாக் அப்சார்பர் உண்மையிலேயே போய்விட்டதா? அதைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். சிறு வேகத்தடைகளில் ‘டக் டக்’ என்று வரும் சத்தத்துக்கு, ஸ்டெபிலைசர் லிங்க் ராடின் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு தண்டு) முனை தேய்ந்திருப்பது மிகச் சாதாரணமான காரணம். முன்பக்கத்திலேயே விலை குறைந்த பாகங்களில் ஒன்று அது. இரண்டு நட்டுகளைக் கழற்றினால் கையில் வந்துவிடும். அது எந்த எஸ்டிமேட்டிலும் இல்லை. அதற்கு அடுத்தபடி லோயர் ஆர்மின் (சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) ரப்பர் புஷ்ஷும் பால் ஜாயின்ட் என்ற உருண்டை மூட்டும், பிறகு ஷாக் அப்சார்பரை மேலே பொருத்தும் மவுண்ட், கடைசியாகத்தான் ஷாக் அப்சார்பர். இந்த வரிசையில் பார்ப்பவர் நேரம் செலவழிக்க வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிட்டால் சத்தம் எப்படியும் போய்விடும். பெரிய சர்வீஸ் சென்டர்கள் இரண்டாவது வழியை எடுப்பதை முழுக்க மோசடி என்று சொல்ல மாட்டேன். வேலை முடிந்து போன வண்டி அதே குறையுடன் திரும்பி வருவதுதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி, அதைத் தவிர்க்கும் செலவை உங்கள் தலையில் ஏற்றுகிறார்கள்.

நீங்களே பார்க்கக்கூடியதும் இருக்கிறது. சக்கரத்தை முழுவதும் திருப்பி வைத்துவிட்டு, உள்ளே டார்ச் அடித்து ஷாக் அப்சார்பரின் உடம்பைப் பாருங்கள். எண்ணெய் வழிந்து, அதில் மண் அப்பிப் பிசுபிசுவென்று இருந்தால் அது போய்விட்டது. காய்ந்த புழுதி மட்டும் இருந்தால், முன்பக்க மூலையை நன்றாக அழுத்தி விடுங்கள். வண்டி ஒரு முறை எழும்பி அடங்கினால் அது இன்னும் வேலை செய்கிறது, இரண்டு மூன்று முறை ஆடினால் வலுவிழந்திருக்கிறது. இந்த இரண்டு சோதனையிலும் குறை தெரியாவிட்டால், 9,400 ரூபாய்க்கு என்ன காரணம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. லோயர் ஆர்முக்கும் இதே கதைதான்: வண்டியை லிஃப்டில் தூக்கி, கடப்பாரையால் நெம்பி, ஆட்டத்தை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் பாகத்தை மாற்றவே வேண்டாம்.

எஞ்சின் ஃபிளஷ் (எஞ்சினின் உட்புறத்தை ரசாயனம் ஊற்றிக் கழுவுவது), த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) சுத்தம், அடிப்பாகக் கோட்டிங் என்ற 6,500 ரூபாயை முழுதாக அடித்துவிடுங்கள். நீங்கள் கொண்டுபோன மூன்று குறைகளில் எதற்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. காரோடு வந்த கையேட்டில் எந்தக் கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை இருக்கும். அதில் இல்லாத ஒன்றை ஒருவர் பரிந்துரைத்தால், வண்டியில் அவர் கண்ட அறிகுறி என்ன என்று கேளுங்கள். நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடினால் த்ராட்டில் பாடியைத் தொட வேண்டியதில்லை. உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்க்காரர் கோட்டிங் அடித்தால் பொருள் உண்டு. கோபிக்கு அது அவசரமில்லை. சொந்தப் பட்டறை வைப்பதற்கு முன் ஆறு ஆண்டு ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தவன் நான். அங்கே சர்வீஸ் அட்வைசர் ஒவ்வொருவருக்கும் இத்தகைய ‘கூடுதல் சேவை’களில் மாதம் இவ்வளவு விற்க வேண்டும் என்று இலக்கு இருந்தது, 25-ஆம் தேதிக்கு மேல் வருகிற வண்டிகளுக்கு ஃபிளஷ் தேவைப்படுவது அதிகமாகும். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறுத்தால் அவர்களும் வற்புறுத்துவதில்லை, சிரித்துக்கொண்டே அந்த வரியை எடுத்துவிடுவார்கள்.

ஏ.சி.யைப் பற்றி ஒரே உண்மையை நினைவில் வைத்தால் போதும்: கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகித் தீரும் பொருள் அல்ல. வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் நிரப்பினால் மூன்று மாதத்தில் மறுபடி அதே பணம். முதலில் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். வயல்வெளிச் சாலைகளில் ஓடும் வண்டியில் அது களத்து மேட்டுத் தூசியால் அடைத்துக்கொண்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அதை மாற்றினாலே காற்று சரியாக வரக்கூடும். பிறகும் குளிரவில்லை என்றால் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை கிராம் கேஸ் என்று அச்சிட்டிருக்கும். மெஷின் எத்தனை கிராம் எடுத்தது, எத்தனை கிராம் ஏற்றியது என்ற சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கூலியில் ஒரு சிறு கணக்கு ஒளிந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய தாளில் கூலியைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்: பேடுக்கு 900, டிஸ்குக்கு 1,400, ஷாக் அப்சார்பருக்கு 2,200, லோயர் ஆர்முக்கு 1,600, பின் பிரேக்குக்கு 1,100. டிஸ்கை மாற்ற வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றி, பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரையும் பேடையும் எடுத்தே ஆக வேண்டும். அதாவது பேடுக்கான 900 ரூபாய் வேலை 1,400-க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஒரே சக்கரத்தை நான்கு தடவை கழற்றியதாகக் கூலி போட்டிருக்கிறார்கள். பேசினால் இது குறையும். இதற்கு நேர்மாறாக, இருக்க வேண்டிய ஒன்று இல்லை. ஷாக் அப்சார்பரையோ லோயர் ஆர்மையோ கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பார்க்காமல் வண்டியை வெளியே விடக்கூடாது. அது தாளில் இல்லை என்றால், கடைசி நாளில் பில்லில் வந்து சேரும்.

வரியைத்தான் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெட்டியின்மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் வரி சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. தாளில் உள்ள 2,900 என்பது வரி சேராத விலை என்றால், வரியோடு 3,422 ஆகும், பெட்டியில் அந்தத் தொகையோ அதற்கு மேலோ அச்சிட்டிருக்க வேண்டும். பெட்டியிலேயே 2,900 என்று இருந்தால் நீங்கள் வரியை இரண்டு தடவை கட்டுகிறீர்கள். பேட், டிஸ்க், ஷூ, ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், பிரேக் ஆயில் ஆறையும் கூட்டினால் 25,500. அதற்கு வரி மட்டும் 4,590 ரூபாய். ஆகவே ஒவ்வொன்றுக்கும் பார்ட் நம்பரையும் பெட்டி விலையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அதற்கு முன் பெரும்பாலானவற்றுக்கு 28. பழைய இருப்பில் 1,280 என்று அச்சிட்ட பெட்டி இருந்தால், பழைய 28 சதவீத வரியை நீக்கினால் அதன் விலை 1,000. இன்றைய வரியோடு 1,180-தான் வரும். கடைக்காரர் பழைய அச்சைக் காட்டினால் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

பாகங்களை வெளிக்கடையில் வாங்கி ஊர் மெக்கானிக்கிடம் கொடுப்பதிலும் தவறில்லை. உதிரிபாகங்கள் வெளிச்சந்தையில் கிடைக்காமல் செய்தார்கள் என்பதற்காகத்தான் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. உங்கள் வண்டிக்கு வாரன்டி முடிந்து பல ஆண்டு ஆகிவிட்டதால், வெளியே வாங்கிய பாகத்தைப் போட்டால் வாரன்டி போய்விடுமோ என்ற பயமும் இல்லை. ஆனால் பிரேக் பேடை மட்டும் பில் கொடுக்கும் கடையில், முத்திரை பிரிக்காத பெட்டியில் வாங்குங்கள். அசல் போலவே அச்சிட்ட போலிப் பெட்டிகள் சந்தையில் உண்டு. பாதி விலைக்கு ஒருவர் பேட் தருகிறார் என்றால் நான் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுவேன்.

உங்கள் மைத்துனரின் ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தை முழுதாக மறுக்க எனக்கு மனமில்லை. மோட்டாரைப் பிரித்து மாட்டும் கைக்கு நட்டு, போல்ட்டின் மொழி தெரியும். தவறு செய்தால் வண்டி கிளம்பாமல் போகும் வேலையை வீட்டில் செய்து பழகலாம். தவறு செய்தால் வண்டி நிற்காமல் போகும் வேலையை வீட்டில் பழகக்கூடாது என்பதுதான் நான் வகுத்துக்கொண்ட எல்லை. கேபின் ஃபில்டர், ஏர் ஃபில்டர், வைப்பர், பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்வது, பல்பு ஆகியவை முதல் வகை. அவற்றை நாளைக்கே செய்யலாம். லிங்க் ராடையும் அவர் மாற்றலாம், வண்டியை வெறும் ஜாக்கியில் விடாமல் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்திருந்தால்.

பேட் மாற்றுவது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று ஒரு முறை காட்டினால் உங்கள் மைத்துனர் கற்றுக்கொள்வார். காலிப்பரை அதன் பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது மேலே ஆயில் டப்பா வழிகிறதா என்று பார்க்க வேண்டும், வழிந்து பாடியில் பட்டால் பெயின்ட் போய்விடும். பேடின் முகத்திலோ டிஸ்கிலோ துளி கிரீஸ்கூடப் படக்கூடாது. தூசியை வாயாலோ கம்ப்ரஸர் காற்றாலோ ஊதக்கூடாது, அதில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும், ஈரத்துணியால் துடையுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக வைக்க வேண்டும். இதை மறந்தவர்கள் முதல் மிதியில் பெடல் தரைவரை போக, வீட்டுச் சுவரில்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். பின்பக்க டிரம்மை அவர் தொட வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளும் ஹேண்ட் பிரேக் அட்ஜஸ்டரும் முதல் தடவை செய்பவரைக் குழப்பிவிடும்.

ஷாக் அப்சார்பரை வீட்டில் கழற்றுவது கூடவே கூடாது. அதைச் சுற்றியுள்ள சுருள் ஸ்பிரிங் அமுக்கப்பட்ட நிலையில் இருக்கிறது; ஸ்பிரிங்கை அமுக்கும் கம்ப்ரஸர் கருவியால் பிடித்துக்கொள்ளாமல் மேல் நட்டைத் தளர்த்தினால் அது தன் முழுப் பலத்தோடு தெறிக்கும். என் பட்டறையில் வேலை கற்க வந்த ஒரு பையன், நான் சாப்பிடப் போன நேரத்தில், கருவியைத் தேடச் சோம்பல்பட்டுக் கயிற்றால் கட்டிவிட்டு நட்டைத் திருகினான். ஸ்பிரிங் அவன் காதோரமாகப் போய் மேலே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிளந்தது. அந்த ஓட்டையை நான் இன்னும் அடைக்கவில்லை, புதிதாக வரும் பையன்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கிறேன்.

ஆக, நான் உங்கள் இடத்தில் இருந்தால், இந்தச் சனிக்கிழமை கேபின் ஃபில்டரை மாற்றிவிட்டு, ஷாக் அப்சார்பரையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வண்டியை ஊர் மெக்கானிக்கிடமே கொண்டுபோவேன். லிங்க் ராடு, பேட், பிரேக் ஆயில் மூன்றையும் அவரிடம் உறுதியாகச் சொல்வேன். பின் ஷூவை டிரம்மைத் திறந்து பார்த்த பிறகு முடிவு செய்வேன். டிஸ்கை அளந்து, பொறித்த எண்ணுக்கும் அளந்த எண்ணுக்கும் இடையே கடையப் போதிய இடமில்லை என்றால் புதிதாகவே போடச் சொல்வேன். மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள், எஸ்டிமேட்டுக்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் முன்கூட்டியே போனில் கேட்க வேண்டும் என்று தாளிலேயே எழுதி வாங்குங்கள். எழுத்தில் இருந்தால், தகராறு வரும் நாளில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்வதற்கும், தேவைப்பட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கும் கையில் ஏதாவது இருக்கும்.

டிஸ்கை அளந்ததும் அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள். அதுவரை பண்ணாரி அம்மனைத் தரிசிக்கப் போனாலும் கோயிலோடு திரும்பிவிடுங்கள், மலை ஏற வேண்டாம்.